பிளாங்க் சுத்தமாக இருக்கிறதா?

நீலகிரியில் பிளாஸ்டிக் என்றதும் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில்தான் நினைவுக்கு வரும். நான் குன்னூர் ஆற்றில் தேடுவது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை. பிவிசி வளைவதற்காகச் சேர்க்கும் தாலேட்டுகள், குறிப்பாக டிஇஎச்பி. பிவிசியோடு இவை வேதிப்பிணைப்பில் சேர்வதில்லை. அதனால் ஓஸ், ஷீட், ஒயர் உறை என்று வெயிலிலும் மழையிலும் கிடப்பதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகின்றன. ஆறு போய்ச் சேருவது பவானியில். கீழே அதைக் குடிக்கும் ஊர்கள் நிறைய.

எங்கள் சென்சார் ஒரு சின்னப் பட்டை, அதில் அச்சிட்ட கார்பன் மின்முனை. டிஇஎச்பி மூலக்கூறைச் சுற்றி பாலிமர் படலம் வளர்த்து, பிறகு மூலக்கூறைக் கழுவி எடுத்துவிடுவோம். அது இருந்த இடம் குழியாக நிற்கும். ஆற்றுத் தண்ணீரில் டிஇஎச்பி இருந்தால் அந்தக் குழிகளில் வந்து உட்காரும். டிஇஎச்பி எளிதில் எலக்ட்ரானைக் கொடுக்கவோ வாங்கவோ செய்யாது. ஆகவே அதை எளிதில் செய்யும் ஃபெர்ரிசயனைடு என்ற உப்பைத் துணைக்கு வைத்து அதன் மின்னோட்டத்தை அளக்கிறோம். குழிகள் நிரம்ப நிரம்ப மின்னோட்டம் குறையும்.

ஆனால் மின்முனையை எது மூடினாலும் மின்னோட்டம் குறையத்தான் செய்யும். மழைக்குப் பிறகு சோலைகளிலிருந்து இறங்கும் தண்ணீர் பழுப்பாக வருகிறதே, அந்த நிறத்தைத் தரும், இலைதழை மக்கி உண்டாகும் ஹியூமிக் பொருள்களும் கார்பனில் படியும். அதனால் குழி இல்லாத படலம் பூசிய இன்னொரு மின்முனையையும் கூடவே வைக்கிறேன். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் அந்த அளவீட்டை ஏற்பதில்லை. ஆய்வகக் கரைசலில் போட்ட கணக்கு ஆற்றுக்குப் பொருந்தாது. தெரிந்த அளவு டிஇஎச்பியை அதே ஆற்றுத் தண்ணீரில் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

என் நேரத்தில் பெரும்பகுதி போவது இதில்கூட அல்ல, பிளாங்க்கில். அதாவது ஆற்றுத் தண்ணீருக்குப் பதில் தூய நீரை வைத்து எல்லா வேலையையும் அப்படியே செய்து பார்ப்பது. அதிலும் டிஇஎச்பி தெரிந்தால் அது ஆற்றிலிருந்து அல்ல, எங்கள் பொருள்களிலிருந்தே வந்தது. உலக சுகாதார அமைப்பு குடிநீருக்குச் சொல்லும் டிஇஎச்பி வழிகாட்டு அளவு லிட்டருக்கு 8 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவைத் தேடும்போது, பிவிசியாலான ஒரு வினைல் கையுறை பட்டாலே கணக்கு கெட்டுவிடும். ரப்பர் குழாய், மூடியின் உள்வளையம், அறைத் தூசி எல்லாமே சந்தேகத்துக்குரியவை. கண்ணாடிப் புட்டிகளை 450 டிகிரியில் சுட்டு, மூடிக்கு அடியில் சுட்ட அலுமினியத் தாள் வைக்கிறோம். இன்னொரு பக்கம், டிஇஎச்பிக்குத் தண்ணீரைவிட மண் துகளும் புட்டிச் சுவரும்தான் பிடிக்கும். வடிகட்டினால் பாதிக் கதை வடிதாளிலேயே தங்கிவிடும். அதனால் வடிதாளையும் புட்டியையும் கரைப்பானால் கழுவி அதையும் அளக்கிறோம்.

கேத்திப் பக்கம் ஒரு விவசாயி, “தம்பி, இந்தத் தண்ணிய கேரட்டுக்கு விடலாமா?” என்று கேட்டார். “இதை வச்சு அப்படிச் சொல்ல முடியாதுங்கண்ணா, மேலே இருந்ததைவிடக் கீழே கூடியிருக்கான்னுதான் இது சொல்லும்” என்றேன். கூடியிருக்கும் இடத்து நீர், கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் ஆய்வகக் கருவியான ஜிசி-எம்எஸ்ஸுக்குப் போகும். எண் அங்கிருந்து வரட்டும். அதற்கு முன்பே செல்போனில் எண் காட்டலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் அந்த எண்ணை நம்பி ஒருவர் வாய்க்காலை அடைப்பார் அல்லது திறப்பார். காட்டியே ஆக வேண்டுமென்றால் அன்றைய பிளாங்க் அளவையும் அதே திரையில், அதே எழுத்தளவில் காட்டச் சொல்லியிருக்கிறேன்.