பழைய இரும்புக் கடைத் தராசில் எங்கள் 80 கிலோ

எங்கள் ஜிம்முக்கு நான்கு கடை தள்ளி ஒரு பழைய இரும்புக் கடை இருக்கிறது. பயிற்சி தொடங்கிய முதல் சனிக்கிழமை, நாங்கள் எடை தூக்கப் பயன்படுத்தும் இரும்புத் தண்டையும் அதில் மாட்டும் ஆறு தட்டுகளையும் நானும் என் அண்ணன் மகளும் இரண்டு நடையாக அங்கே சுமந்துகொண்டு போனோம். விற்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கடைக்காரர் பேனாவை எடுத்தார். "விற்பதற்கு இல்லை அண்ணாச்சி, நிறுத்துப் பார்க்க வேண்டும்" என்றேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் தராசுத் தட்டைத் துடைத்துக் கொடுத்தார்.

20 கிலோ என்று நாங்கள் நம்பியிருந்த தண்டு 17.4 கிலோ. 20 என்று வார்த்திருந்த தட்டுகள் இரண்டும் 19.1, 18.7. பத்து கிலோத் தட்டுகள் 9.6, 9.8. ஐந்து கிலோத் தட்டுகள் இரண்டும் சேர்ந்து 9.6. அங்கேயே நின்று கூட்டிப் பார்த்தோம். நோட்டில் 80 கிலோ என்று எழுதியிருந்த ஸ்குவாட் (தண்டைத் தோளில் தாங்கி, உட்கார்ந்து எழும் தூக்கு) உண்மையில் 74.6. போன ஆண்டு நான் 90 தூக்கியதாக எழுதியிருந்தது 84.2.

போன ஆண்டுப் போட்டியில் எனக்கு நடந்தது அந்தத் தராசின் முன்னால்தான் முழுதாகப் புரிந்தது. எனக்கு 43 வயது. திருநெல்வேலியில் அலுவலக வேலை. வலுதூக்குதல் மூன்று ஆண்டுப் பழக்கம். அதில் மூன்று தூக்கு: ஸ்குவாட், படுத்தபடி தண்டை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தண்டைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் சென்ற அதிகபட்ச எடைகளின் கூட்டல்தான் மொத்தம். மாவட்டப் போட்டியில் 40 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் போன ஆண்டுதான் முதன்முறையாக மேடை ஏறினேன். ஜிம்மில் 90 வருகிறதே என்ற தைரியத்தில் ஸ்குவாட்டின் முதல் வாய்ப்புக்கு 80 எழுதிக் கொடுத்தேன். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் சிவப்பு விளக்கு. அதே எடையில் இரண்டாவது வாய்ப்பு, மறுபடியும் இரண்டு சிவப்பு. ஒரு தூக்கில் மூன்று வாய்ப்பும் தவறினால் மொத்த எடைக் கணக்கே இல்லாமல் போட்டியிலிருந்து வெளியேற வேண்டும். மூன்றாவதில் எப்படியோ இன்னும் கீழே இறங்கி எழுந்தேன். இரண்டு வெள்ளை கிடைத்தது. அதற்குப் பிறகு மிச்ச நாள் முழுவதும் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. பெஞ்ச் பிரஸ்ஸின் கடைசி வாய்ப்பில் நடுவர் 'பிரஸ்' என்று சொல்லும் முன்பே தள்ளிவிட்டேன், அதுவும் செல்லவில்லை. ஸ்குவாட் 80, பெஞ்ச் 40, டெட்லிஃப்ட் 100 என்று மொத்தம் 220 கிலோவோடு வீடு வந்தேன்.

விதி தெளிவானது. தொடை இடுப்போடு சேரும் இடத்தின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியைவிடக் கீழே போக வேண்டும். சமமாக நின்றால் போதாது. நான் ஜிம்மில் அந்த அளவுக்கு இறங்கியதே இல்லை. எடையும் சரியில்லை, ஆழமும் சரியில்லை. அப்படி இருக்க, 90 என்ற எண்ணை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு போயிருந்தேன்.

இந்த ஆண்டு நான் போட்டியிடுவதோடு, கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளையும் தயார் செய்ய வேண்டும். அவளுக்கு 19 வயது, ஜூனியர் பிரிவு. அவள் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே தராசு வரை போனேன். ஜிம் உரிமையாளர் கோபப்படவில்லை. வாங்கிய இடத்தில் அப்படித்தான் கொடுத்தார்கள் என்றார். வெள்ளைப் பெயின்ட்டால் ஒவ்வொரு தட்டிலும் உண்மை எடையை எழுதிக்கொள்ளச் சம்மதித்தார். இப்போது வேறு ஆட்களும் அந்த வெள்ளை எண்ணைப் பார்த்துத்தான் தட்டு மாட்டுகிறார்கள்.

மூன்றாம் வாரம்

திங்கள் ஸ்குவாட், புதன் பெஞ்ச், சனி டெட்லிஃப்ட்டும் லேசான ஸ்குவாட்டும். மொத்தம் 14 வாரம். ஆறு தடவை வீதம் நான்கு சுற்றில் தொடங்கி, எடை ஏற ஏற ஐந்து, மூன்று என்று எண்ணிக்கையைக் குறைக்கத் திட்டம். இதில் புதுமை எதுவும் இல்லை. எல்லோரும் செய்வதுதான்.

உண்மையான வேலை ஆழத்தில் இருந்தது. அவளுக்குத் தொடை நீளம். கீழே போகப் போக உடல் முன்னால் சாய்கிறது, ஐந்தாவது ஆறாவது தடவையில் இறங்குவதை விரல் அகலம் விரல் அகலமாகக் குறைத்துக்கொள்கிறாள். அவளுக்கு அது தெரிவதும் இல்லை. கைப்பேசியைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து, அவளுடைய முழங்கால் உயரத்தில், நேர்ப் பக்கவாட்டில் வைத்தேன். முன்னால் கோணலாக வைத்துப் பிடித்தால் ஆழமாக இருப்பது போலவே தெரியும், ஏமாந்துவிடுவோம். தொடை மடியும் இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், முழங்கால் உச்சியில் இன்னொன்று. மேல் ஸ்டிக்கர் கீழ் ஸ்டிக்கரைத் தாண்டிக் கீழே போனால் மட்டும் அந்தத் தடவை நோட்டில் ஏறும்.

முதல் நாள் 50 கிலோவில் 24 தடவை செய்தாள். நோட்டில் ஏறியது 11. கண் கலங்கிவிட்டது. "நன்றாகத்தானே அத்தை இறங்கினேன்?" என்றாள். காணொளியை அவளையே ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். பன்னிரண்டாவதில் நிறுத்தி, ஸ்டிக்கர்கள் இரண்டும் ஒரே கோட்டில் நிற்பதை அவளே விரலால் தொட்டுக் காட்டினாள். அதற்குப் பிறகு என்னிடம் வாதாடவில்லை. அடியில் இரண்டு விநாடி நின்று எழும் ஸ்குவாட்டை அடுத்த ஆறு வாரம் செய்தோம். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததால் நானும் செய்தே தீர வேண்டியதாயிற்று. என் ஸ்குவாட் திருந்தியது அப்படித்தான்.

ஏழாம் வாரம்

கட்டளைகளைப் பழக்க ஆரம்பித்தேன். ஸ்குவாட்டுக்கு 'ஸ்குவாட்', எழுந்து நின்ற பின் 'ரேக்', அதாவது தண்டைத் தாங்கியில் வை. பெஞ்சுக்கு மூன்று: 'ஸ்டார்ட்', தண்டு மார்பில் அசையாமல் நின்ற பின் 'பிரஸ்', கடைசியில் 'ரேக்'. டெட்லிஃப்ட்டுக்கு 'டவுன்' ஒன்றுதான். மேலே நிமிர்ந்து நின்ற பிறகு அது காதில் விழும்வரை கீழே விடக் கூடாது. கீழே கொண்டு வரும்போதும் இரண்டு கையும் தண்டில் இருக்க வேண்டும். ஜிம்மில் இப்படி யாரும் செய்வதில்லை. மார்பில் தட்டித் துள்ளவிட்டு ஏற்றுவதுதான் வழக்கம். 35 கிலோ பெஞ்சைச் சுலபமாக ஏற்றிக்கொண்டிருந்தவள், நான் 'பிரஸ்' என்று சொல்லும்வரை நிறுத்தியபோது 30 கிலோவில் திணறினாள். வேண்டுமென்றே சில நாள் சீக்கிரமாகவும் சில நாள் தாமதித்தும் சொன்னேன். எல்லா நடுவர்களும் ஒரே நேரம் எடுப்பதில்லை.

டெட்லிஃப்ட் அவளுக்குப் பிறவியிலேயே அமைந்த தூக்கு. கை நீளம். ஒரு நாள், உடல் எடையைப் போல எத்தனை மடங்கு வரை மனிதர்கள் தூக்கியிருக்கிறார்கள் என்று கேட்டாள். அமெரிக்காவின் லமார் காண்ட்டைப் பற்றிச் சொன்னேன். 1985-ல், 60 கிலோ எடையுள்ள அந்த மனிதர் 300 கிலோ அளவுக்கு டெட்லிஃப்ட் செய்தார், உடல் எடையைப் போல் ஐந்து மடங்கு. அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. பாரம் ஏறும்போது உடற்பகுதி இன்னும் குறுகும். நீண்ட கைகளோடு அது சேர்ந்ததால் தண்டை அதிக உயரம் தூக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் உடம்புக்கு ஒரு தூக்கு இசையும், இன்னொன்று இசையாது. ஸ்குவாட்டில் தொடை நீளத்தை எண்ணி நொந்துகொண்டிருந்தவளுக்கு இது கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிராமங்களில் இளவட்டக்கல் இன்னும் சில கோயில் முன் கிடக்கிறது. அதைத் தூக்கியவர்கள் எல்லாம் ஆண்கள் என்றுதான் கதை. அவளுடைய அப்பா, என் அண்ணன், முதலில் இதற்குச் சம்மதிக்கவில்லை. "ஒலிம்பிக்ஸில் இருக்கிறதா இது?" என்று கேட்டார். ஒலிம்பிக்ஸில் இருப்பது பளுதூக்குதல், தலைக்கு மேல் தூக்குவது. எங்களுடையது 1981 முதல் 'உலக விளையாட்டுகள்' (World Games) போட்டியில் இருக்கிறது, பாராலிம்பிக்ஸில் பெஞ்ச் பிரஸ் மட்டும் உண்டு என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் மனம் மாறியது அந்த விளக்கத்தால் அல்ல. ஒரு சனிக்கிழமை ஜிம்முக்கு வந்து, மகள் நோட்டில் தன் தப்பைத் தானே அடித்து எழுதுவதைப் பார்த்ததால்.

பன்னிரண்டாம் வாரம்

எடைப் பிரிவு பற்றிய பிரச்சினை. அவள் 57.6 இருந்தாள். பெண்களுக்கு 57-க்கு அடுத்தது 63 கிலோப் பிரிவு. 600 கிராம்தானே, இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறேன் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். மாதவிலக்கு வேறு அந்த வாரத்தில் வரும், உடம்பில் நீர் கட்டும். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். முதல் போட்டியில் வாடிய உடம்போடு மேடையேற விடுவதற்கு நான் பயிற்சியாளராக இருக்க வேண்டியதில்லை. 63-ல் பெயர் கொடுத்தோம். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

போட்டிக்குப் பத்து நாள் முன்பு கடைசிக் கனமான பயிற்சி. அதற்குப் பிறகு லேசாகத்தான்.

போட்டி நாள்

எடை பார்த்தபோது 57.35. தூக்கு தொடங்க இரண்டு மணி நேரம் இருந்தது. வீட்டிலிருந்து கொண்டு போன இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட வைத்தேன், இரண்டு வாழைப்பழம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. அதற்கு முன்பே ரேக்கின் உயரத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டோம். போன ஆண்டு அதைக் கவனிக்காமல் குதிகாலை உயர்த்தித் தண்டை எடுத்தேன்.

அவளுக்கு ஸ்குவாட் முதல் வாய்ப்பு 67.5. எந்த நாளிலும், தூக்கம் கெட்ட நாளிலும், மூன்று தடவை செய்யக்கூடிய எடையைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் முடிவு. மூன்று வெள்ளை. அடுத்து 72.5. கைதட்டலில் அவசரப்பட்டாள், போதிய ஆழம் போகாமலே எழுந்துவிட்டாள். இரண்டு சிவப்பு. அடுத்த எடையைச் சொல்ல ஒரு நிமிடம்தான் உண்டு. "77.5 போடுங்கள் அத்தை, எடை கனமாகவே இல்லை" என்றாள். எடை கனமாக இல்லை என்பது உண்மை. ஆனால் நான் பார்த்தது ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தை. 72.5 என்றே மறுபடி எழுதிக் கொடுத்தேன். "அடியில் இரண்டு விநாடி, நம் ஜிம்மில் நின்றது போல" என்று மட்டும் காதில் சொன்னேன். மேடையில் அவள் இறங்கி நின்ற அந்த இரண்டு விநாடியும் நான் மூச்சு விடவில்லை. மூன்று வெள்ளை.

பெஞ்சில் 32.5, 35, 37.5, மூன்றும் சென்றது. ஒரு கட்டளையைக்கூட முந்தவில்லை.

டெட்லிஃப்ட்டுக்கு முன் தொடையில் பவுடர் பூசினோம், தண்டு வழுக்கிக்கொண்டு ஏற. ஷூவின் அடியில் பவுடர் படாமல் நாற்காலியில் உட்காரவைத்துப் பூசி, அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடைத்தேன். முழங்கால் வரை காலுறை. 85, 92.5 இரண்டும் சென்றன. அவள் பிரிவில் மூன்று பேர். ஒருத்தி வெகு தூரம் முன்னால் இருந்தாள். இரண்டாம் இடத்துக்கு இவளுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் போட்டி. மூன்றாவது வாய்ப்புக்கு 100 கொடுத்திருந்தேன். அந்தப் பெண் 95 தூக்கி மொத்தம் 207.5-ல் முடித்தாள். நம்முடையது அதுவரை 72.5, 37.5, ஆக 110. அதோடு 97.5 சேர்ந்தாலே 207.5. சமமானால் உடல் எடை குறைந்தவருக்கு முன்னிடம். 63 கிலோப் பிரிவில் 57.35-ஐ விடக் குறைந்தவர் யார் இருப்பார்கள்? டெட்லிஃப்ட்டின் மூன்றாவது வாய்ப்பை மட்டும் இரண்டு முறை மாற்றிக்கொள்ளலாம். மேசைக்கு ஓடிப்போய் 97.5 என்று மாற்றினேன்.

"ஏன் அத்தை குறைத்தீர்கள்?"

"பிறகு சொல்கிறேன், போ."

பயிற்சியில் அவள் தூக்கியதே அதிகபட்சம் 95. தண்டு முழங்காலில் ஒரு கணம் தயங்கியது, பிறகு ஏறியது. நிமிர்ந்து நின்றாள். நடுவரின் கை இறங்கவில்லை. அவள் விடவில்லை. பிடியில் ஒரு விரல் நழுவுவது இங்கிருந்து எனக்குத் தெரிந்தது. 'டவுன்' வந்தது. மூன்று வெள்ளை, இரண்டாம் இடம். அண்ணன் எழுந்து நின்று கைதட்டியதை அவள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

என் பிரிவு அடுத்த குழுவில். இப்போது அடுத்த எடையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது அவள். ஸ்குவாட் 75, 80, 85, ஒன்பது விளக்கும் வெள்ளை. அதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. பெஞ்ச் 42.5 வரை சென்றது, 45 பாதியில் நின்றுவிட்டது. டெட்லிஃப்ட்டில் 107.5 தூக்கிவிட்டு வந்து, "அடுத்து 115 எழுது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். அறிவிப்பில் என் பெயருக்கு 112.5 என்று வந்தது. திரும்பிப் பார்த்தேன்.

"107.5-ல் மேலே முழங்கால் நேராக ரொம்ப நேரம் எடுத்தது அத்தை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றாள்.

112.5 சென்றது, பற்களைக் கடித்துக்கொண்டு. இன்னும் இரண்டரை கிலோ ஏறியிருந்தால் நிச்சயம் வந்திருக்காது. மொத்தம் 240. திங்கட்கிழமை ஸ்குவாட் 50 கிலோ, அடியில் இரண்டு விநாடி என்று நோட்டில் அவள் கையெழுத்தில் இருக்கிறது.