மார்வியின் போர்வையும் என் வீட்டு ரல்லியும்

குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள புஜ் நகரில் ஒரு மூதாட்டியிடம் வாங்கிய ரல்லி என்னும் ஒட்டுத்துணிப் போர்வை பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டுப் போரை ஒட்டி, பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள தர்பார்க்கர் பாலைநிலத்திலிருந்து கட்ச்சுக்கு வந்து குடியேறிய குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று.

உடுத்தி நைந்த பாவாடை, முக்காட்டுத் துணி, தலைப்பாகை ஆகியவற்றைக் கிழித்து, தேவைப்பட்டால் சாயம் தோய்த்து, சதுரமும் முக்கோணமுமாக வெட்டி இணைப்பதே ரல்லியின் மேற்புறம். சிலவற்றில் துணியை நான்காகவும் எட்டாகவும் மடித்துக் கத்தரித்து, விரித்தால் கிடைக்கும் பூவடிவத்தை வேறு நிறத் துணியின்மேல் வைத்துத் தைப்பார்கள். அடியில் ஒரு முழுத்துணி, நடுவில் இன்னும் நைந்த துணிகள் என அடுக்கிப் பாயில் விரித்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி அமர்ந்து, மூன்றும் சேரும்படி நெருக்கமாக நேர்த்தையல் ஓட்டுவார்கள். மகளின் திருமணச் சீரிலும் ரல்லிகள் உண்டு. தர்பார்க்கரில் இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் இதைத் தைக்கிறார்கள்.

என் ரல்லியின் ஓரம் சற்றுப் பிரிந்திருக்கிறது. அதன் வழியே பார்த்தால் நீலக் கோடு போட்ட துணியொன்றில் பொத்தான் துளை அப்படியே தெரியும். விலை பேசுமுன் அந்த மூதாட்டி அதைத் தொட்டுக் காட்டி, அது தம் மகன் சிறுவயதில் போட்ட சட்டை என்றார்.

அந்தத் துளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிந்து நாட்டுப்புறக் கதையின் நாயகி மார்வியின் நினைவு வரும். உமர் சூம்ரோ என்னும் அரசன் அவளைக் கிணற்றடியிலிருந்து கவர்ந்து சென்று உமர்கோட் கோட்டையில் அடைத்து, பட்டும் பொன்னும் கொடுத்து மணக்கக் கேட்கிறான். அவளோ தன் ஊரார் நெய்த முரட்டுக் கம்பளிப் போர்வையான லோயியைக் களைய மறுத்து, தான் இறந்தால் உடலையாவது தன் மண்ணுக்கு அனுப்பும்படி வேண்டுகிறாள். 'ஷா ஜோ ரிசாலோ' என்னும் தம் பாடல் தொகுப்பில் சிந்தி சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீப் பிட்டாய் (1689–1752) இக்கதைக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார். சிந்துவின் பிட் ஷா என்னும் ஊரில் உள்ள அவருடைய அடக்கத்தலத்தில், ஐந்து தந்திகள் கொண்ட தம்பூரோ என்னும் இசைக்கருவியை மீட்டியபடி ஃபக்கீர்கள் இன்றும் அவர் பாடல்களைப் பாடுகிறார்கள்; ஆண்களே உச்சக் குரலெடுத்துப் பாடும் அந்த முறையில் மார்வியின் ஏக்கத்தைக் கேட்பது நெஞ்சை உலுக்கும் அனுபவம்.

கடைகளில் இப்போது புதுத்துணியில் தைத்த ரல்லிகளே மிகுதி. தைக்கும் பெண்களுக்கு அவை வருமானம் தருவதால் நான் குறை கூற மாட்டேன். ஆயினும் பலமுறை துவைத்த பருத்தியின் மென்மை அவற்றில் இல்லை. பிரிந்த ஓரத்தை இதுவரை நான் தைக்கவும் இல்லை.