தானா முளைச்ச லாவெண்டர் கன்னுங்க

லாவெண்டர் வளர்க்கிறவங்க நிறைய பேரு தாய்ச்செடிக்குக் கீழ முளைக்கிற குட்டிக் கன்னுங்கள களைன்னு நினைச்சு பிடுங்கிப் போட்டுடுறாங்க, அத பாக்குறப்பல்லாம் எனக்கு மனசே ஆறாது. பொறுமையா விட்டுப் பாருங்க, தோட்டத்துலயே ரொம்ப சுவாரஸ்யமான செடி அதுல இருந்துதான் வரும்.

முதல்ல ஒண்ணு, எல்லா லாவெண்டரும் விதை போடாது. இங்கிலீஷ் லாவெண்டர்னு சொல்ற அங்குஸ்டிஃபோலியா போடும். அதுக்கும் லாட்டிஃபோலியாங்கிற இன்னொரு லாவெண்டர் இனத்துக்கும் பொறந்த கலப்புதான் லாவெண்டின், க்ரோஸோ, ப்ரோவென்ஸ்ங்கிற ரகங்க எல்லாம் அந்த வகைதான், செடி பெருசா வரும், காம்பு நீளமா இருக்கும், எண்ணெய் நிறைய கிடைக்கும், ஆனா மலடு. க்ரோஸோவ மட்டும் வச்சுக்கிட்டு ஏன் ஒரு கன்னுகூட முளைக்கலன்னு கேட்டா என்ன பண்றது, அத வெட்டுத்தண்டு நட்டுத்தான் பெருக்கணும்.

தாராளமா முளைக்கிறதுன்னா ஸ்டீகஸ்தான், பூக்கதிர் உச்சியில முயல் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே அது. பக்கத்துல விரிடிஸ் இருந்தா (எலுமிச்சை வாசம் அடிக்கிற, பச்சையும் வெள்ளையுமா பூக்கிற வகை) தேனீ ரெண்டையும் கலந்து விட்டுடும், கன்னு எந்தப் பக்கம் சாயும்னு பூக்குற வரைக்கும் தெரியாது. பெரணி மாதிரி பிரிஞ்ச இலையோட இருக்குற மல்டிஃபிடாவும் சுலபமா முளைக்கும், அதோட இலைய கசக்குனா லாவெண்டர் வாசமே வராது, ஆரிகனோ வாசம்தான் வரும். செடி ரொம்ப வருஷம் நிக்காது, அதனால தானா முளைக்கிறத விட்டு வைக்கிறதுதான் அத தொடர்ந்து வச்சுக்க வழி.

துளசி குடும்பம்தானே, துளசி மாதிரியே ஒவ்வொரு பூவுக்கும் நாலு குட்டி விதை வரைக்கும் வரும். அது எங்க முளைக்குதுன்னு கவனிச்சா நமக்கே பாடம். உரம் போட்டு கொழுகொழுன்னு வச்சிருக்கிற பாத்தியில ஒண்ணும் இருக்காது, ஜல்லி போட்ட நடைபாதையிலயும் செங்கல் இடுக்குலயும் வரிசையா நிக்கும். தண்ணி தேங்கக் கூடாது, வெளிச்சம் படணும், அவ்ளோதான் அதுக்கு வேணும். விதைய ஆழமா புதைச்சா முளைக்காது, மேலாப்புல தூவுனா போதும். அங்குஸ்டிஃபோலியா விதைக்கு குளிரும் வேணும், குளிர்காலம் வர்ற இடத்துல வெளியிலயே அது கிடைச்சிடும், நாமளே விதைக்கிறதா இருந்தா ஈரமண்ணுல கலந்து மூணு நாலு வாரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தா நல்லா வரும், அப்பவும் ஒரே நேரத்துல முளைக்காது, விட்டு விட்டுத்தான் வரும்.

முளைச்சது லாவெண்டர்தானான்னு சந்தேகம் வந்தா ஒரு இலைய விரல்ல தேய்ச்சு மோந்து பாருங்க. டென்டாட்டாங்கிற லாவெண்டர் இனமா இருந்தா சின்னதுலயே இலை ஓரத்துல பல்லு பல்லா வெட்டு தெரியும். நாலஞ்சு ஜோடி இலை வந்ததும் வேர் மண்ணோட சேர்த்து தோண்டி எடுத்து மாத்தலாம், இன்னும் பெருசாக விட்டா வேர் ஜல்லிக்கு அடியில ஆழமா ஓடிடும், இழுத்தா அறுந்துடும்.

இன்னொரு விஷயம், ஹிட்கோட்ங்கிற அங்குஸ்டிஃபோலியா ரகத்துச் செடி பக்கத்துல முளைச்சதுங்கிறதுக்காக அதுக்கு ஹிட்கோட்னு பேர் எழுதி யாருக்கும் குடுக்காதீங்க. விதையில வர்றது ஒவ்வொண்ணும் தனித்தனி, ஒண்ணு குட்டையா அடர் ஊதாவுல வரும், ஒண்ணு வெளிறிப் போய் உயரமா வரும், சில சமயம் ரோஸ் கலர்லகூட வரும். அங்குஸ்டிஃபோலியா கன்னு பெரும்பாலும் ரெண்டாவது வருஷந்தான் ஒழுங்கா பூக்கும், அதுக்கு முன்னாடி நல்லது கெட்டதுன்னு முடிவு பண்ணாதீங்க. என்னைக் கேட்டா, வாங்கி வச்ச செடியவிட அதே இடத்துல தானா முளைச்சு நின்ன செடிதான் திடமா இருக்கு, மண்ணு பிடிக்காததெல்லாம் சின்னதுலயே போயிடுதுல்ல.

கன்னு வேணும்னா பூ முடிஞ்சதும் கவாத்து பண்றப்போ எல்லாக் காம்பையும் வெட்டிடாம ஓரமா நாலு காம்ப காய விடுங்க. ஸ்டீகஸுக்கு மட்டும் இதுல கொஞ்சம் ஜாக்கிரதை வேணும், ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல அது புல்வெளிக்குள்ள பரவி களைன்னே அறிவிச்சிருக்காங்க. தோட்டத்தை ஒட்டி மேய்ச்சல் நிலமோ காடோ இருந்தா விதை முத்துறதுக்கு முன்னாடியே கதிர வெட்டிடுங்க.