நார்யன்-மார்: முப்பத்து மூவாயிரம் வாக்காளர்களின் டூமா தொகுதி

ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவையான டூமாவில் 450 இடங்கள். அதில் 225 பேரைத் தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக நாலே முக்கால் லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வாக்காளர்கள் வருகிறார்கள். நேனெத்ஸ் தன்னாட்சி வட்டாரத் தொகுதியிலோ முப்பத்து மூவாயிரத்தைச் சுற்றித்தான். கூட்டாட்சியின் உறுப்பான ஒவ்வொரு பிராந்தியத்துக்கும், எவ்வளவு சிறியதானாலும், குறைந்தது ஒரு தொகுதி தர வேண்டும் என்பது சட்டம். அதனால் இங்கே போடும் ஒரு வாக்கின் எடை மாஸ்கோவாசியின் வாக்கைப் போல ஏறத்தாழ பதினைந்து மடங்கு. இந்த வட்டாரத்தின் தேர்தல் வரலாற்றில் நடந்த பலவற்றையும் இந்தக் கணக்கை மனதில் வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

வட்டாரத்தின் தலைநகர் நார்யன்-மார், துருவ வட்டத்துக்கு வடக்கே, பெச்சோரா ஆற்றங்கரையில் இருக்கிறது. மாஸ்கோவிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம். அர்ஹாங்கெல்ஸ்க்கிலிருந்தும் விமானம் உண்டு. ரயில் கிடையாது. தெற்கே உசின்ஸ்க் நகரத்தோடு தரைவழியில் இணைத்தது நெடுங்காலம் குளிர்காலப் பனிப்பாதைதான். வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. ரூபிளை மாஸ்கோவிலேயே மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். கடலோரக் கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் போக நினைத்தால், எல்லைப் பகுதி அனுமதி வேண்டுமா என்று பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஊருக்குள் நடந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கூர்கோபுரம் வைத்த மரக்கட்டிட அஞ்சலகம்தான் ஊரின் அடையாளம். பக்கத்திலேயே இஸ்காத்தெலெய், எண்ணெய் தேடி வந்தவர்களால் வளர்ந்த குடியிருப்பு. வட்டாரத்தின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் சுமார் 41 ஆயிரம். அதில் பெரும்பகுதி இந்த இரண்டு இடங்களில்தான் வாழ்கிறது. வேட்பாளர் ஒருவர் இங்கே இரண்டு வாரம் வீடு வீடாகப் போனாலே தொகுதியின் பெரும்பான்மையைப் பார்த்துவிட முடியும். மீதிப் பேரைப் பார்க்க ஹெலிகாப்டர் வேண்டும்.

இந்தத் தொகுதியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அர்தூர் சிலிங்காரோவ். லெனின்கிராட்டில் பிறந்த துருவ ஆய்வாளர். 1974 முதல் 1979 வரை இந்த வட்டாரத்தின் அம்தெர்மாவில் வானிலை, நீரியல் நிர்வாகத்தின் தலைவராக இருந்தவர். 1985இல் அண்டார்டிகா பனியில் சிக்கிய 'மிகாயில் சோமோவ்' கப்பலை மீட்கப் போன பயணத்தை நடத்தியதற்காகச் சோவியத் ஒன்றியத்தின் வீரர் பட்டம் பெற்றவர். 1993, 1995, 1999, 2003 என நான்கு தேர்தல்களிலும் இந்தத் தொகுதியில் அவர்தான் வென்றார். டூமாவின் துணைத் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார். வெளியூர்க்காரர் எப்படி இவ்வளவு காலம் நின்றார் என்று கேட்கலாம். வானிலைச் செய்தியை நம்பி விமானமும் கப்பலும் நகரும் ஊரில், அந்த வானிலை நிலையங்களை நடத்திய மனிதர் அந்நியர் இல்லை என்பதே என் கணிப்பு. மாஸ்கோவில் குரல் எடுபடுகிற ஒருவரை வைத்துக்கொள்வது சிறிய தொகுதிக்கு எவ்வளவு லாபம் என்பதையும் மக்கள் அறிந்திருந்தார்கள். 2007 ஆகஸ்ட் 2ஆம் தேதி வட துருவத்தில், 4,200 மீட்டருக்கும் கீழே கடலடியில் ரஷ்யக் கொடி நட்ட 'மீர்-1' நீர்மூழ்கியில் இருந்தவரும் இவரே. 2024இல் காலமானார்.

2007, 2011 தேர்தல்களில் தொகுதிகளே இல்லை. 450 இடங்களும் கட்சிகள் வாங்கிய வாக்கு விகிதப்படி அவற்றின் பட்டியலுக்குப் போயின. ஏழு சதவீதம் வாங்காத கட்சிகள் முழுப் பங்கு பெற முடியவில்லை. தன் பெயரில் ஓர் உறுப்பினரை அனுப்பும் உரிமையை வட்டாரம் ஒன்பது ஆண்டுகள் இழந்திருந்தது. 2016இல் தொகுதிகள் திரும்பி வந்தபோது இது 221ஆம் எண் தொகுதியானது. ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சியின் செர்கேய் கோத்கின் அப்போதும் 2021இலும் வென்றார்.

இந்த இடைவெளி ஏன் வலித்தது என்பதற்கு நிர்வாக அமைப்பைப் பார்க்க வேண்டும். நேனெத்ஸ் வட்டாரம் தனி உறுப்பு, அதேநேரம் அர்ஹாங்கெல்ஸ்க் மாகாணத்துக்குள்ளும் அடங்கியது. அந்த மாகாண ஆளுநரைத் தேர்ந்தெடுக்க இங்குள்ளவர்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள். தங்கள் சொந்த வட்டார ஆளுநரையோ, 2014இல் நடந்த நேரடித் தேர்தலுக்குப் பிறகு, சட்டமன்ற உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கு வாக்கு உண்டு, சொந்த வீட்டுக்கு இல்லை. எனவே டூமா தொகுதி இவர்களுக்கு மிக முக்கியமான நேரடி வாக்காக மிஞ்சியது.

2020 மே 13இல் நேனெத்ஸ் வட்டாரம், அர்ஹாங்கெல்ஸ்க் மாகாணம் ஆகிய இரண்டு நிர்வாகங்களின் தலைவர்களும் இரண்டையும் இணைப்பதற்கான ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டார்கள். எண்ணெய் வருவாயில் ஓடும் வட்டார வரவு செலவும், பனிமான் மேய்ப்பர்களுக்கான சலுகைகளும் பெரிய மாகாணத்துக்குள் கரைந்துவிடும் என்று மக்கள் கொதித்தார்கள். அடுத்து வந்த அரசியல் சட்டத் திருத்த வாக்கெடுப்பில், ஜூலை 1 முடிய, நாடு முழுவதும் சுமார் 78 சதவீதம் 'ஆம்' என்றது. நாட்டிலேயே பெரும்பான்மையாக 'இல்லை' சொன்ன ஒரே இடம் நேனெத்ஸ் வட்டாரம்: சுமார் 55 சதவீதம். இணைப்புப் பேச்சு அடங்கியது. 2021 செப்டம்பர் டூமா தேர்தலின் கட்சிப் பட்டியல் வாக்கில் கம்யூனிஸ்ட் கட்சி சுமார் 32, ஐக்கிய ரஷ்யா சுமார் 29 சதவீதம் பெற்றன. கம்யூனிஸ்ட்டுகள் முதலிடம் பிடித்த நான்கு பிராந்தியங்களில் இது ஒன்று. அதே வாக்காளர்கள் தொகுதி இடத்தை ஐக்கிய ரஷ்யாவுக்குக் கொடுத்தார்கள். சிறிய ஊரில் கட்சியைத் தண்டிப்பதும் தெரிந்த மனிதருக்கு வாக்களிப்பதும் தனித்தனி முடிவுகள்.

இனி தொலைதூரத்தில் வாக்குப்பதிவு நடத்தும் முறை. இதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எட்ட முடியாத இடங்களில் வாக்குப்பதிவு நாளுக்கு 20 நாட்களுக்கு உள்ளாக முன்கூட்டியே வாக்கெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. குறைந்தது இரண்டு தேர்தல் ஆணைய உறுப்பினர்கள், முத்திரையிட்ட கையடக்கப் பெட்டி, வாக்குச்சீட்டுகள், வாக்காளர் பட்டியல், ஹெலிகாப்டர். டிசம்பர் தேர்தல்களின் காலத்தில், 2011 வரை, பகல் வெளிச்சம் மிகக் குறைந்த நாட்களில் பறக்க வேண்டியிருந்தது. செப்டம்பருக்கு மாறிய பிறகு வெளிச்சம் கிடைத்தது, ஆனால் அப்போது பனிமான் மந்தைகள் கடற்கரை மேய்ச்சலை விட்டுத் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கும். நேற்றுச் சொன்ன இடத்தில் இன்று கூடாரம் இருக்காது. மேய்ப்பர் குழுவோடு வானொலியில் இடத்தை உறுதி செய்யாமல் கிளம்பினால் எரிபொருள் வீண். மூடுபனி இறங்கினால் அன்றைய பயணமே ரத்து.

சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. பட்டியலில் குறிக்கப்பட்ட எண்ணிக்கையைவிடக் கையடக்கப் பெட்டியில் ஒரு சீட்டு கூடுதலாக இருந்தாலும் அந்தப் பெட்டியின் எல்லாச் சீட்டுகளும் செல்லாமல் போகும். எண்ணும்போது இந்தப் பெட்டிகளைத்தான் முதலில் திறப்பார்கள். சில டஜன் வாக்காளர்களுக்காக நாள் முழுக்கப் பறந்த உழைப்பை ஒரு கையெழுத்துப் பிழை அழித்துவிடும்.

வாக்குப்பதிவு நாளில் போகிறவர்களுக்கு: அங்கீகாரம் பெறாத வெளிநாட்டவருக்குச் சாவடிக்குள் இடமில்லை, வாசலில் புகைப்படம் எடுக்கவும் கேட்டுவிட்டே எடுங்கள். சாவடிவாரி முடிவு அறிக்கை கையில் கிடைத்தால், 2016 படிவத்தில் மூன்றாவது வரி முன்கூட்டி வாக்களித்தவர்களுக்குக் கொடுத்த சீட்டுகள், ஐந்தாவது வரி வாக்குப்பதிவு நாளில் சாவடிக்கு வெளியே கொடுத்தவை, ஏழாவது வரி கையடக்கப் பெட்டிகளில் எண்ணப்பட்டவை. ஏழாவது எண் மூன்றையும் ஐந்தையும் கூட்டியதைத் தாண்டக் கூடாது. நகரச் சாவடிகளில் மூன்றாவது வரியில் பெரும்பாலும் பூஜ்யம்தான் இருக்கும். அந்த வரியில் எண் இருக்கும் சாவடிகளைப் பட்டியலிட்டால், ஹெலிகாப்டர் எந்தப் பக்கமெல்லாம் பறந்தது என்பது தெரிந்துவிடும்.