தாத்தாவின் சிலுவை எந்த ஆண்டில் செய்தது?

ஜெர்மனியில் ஒரு ஏல நிறுவனத்தில் ராணுவப் பதக்கங்களுக்குப் பட்டியல் எழுதுவது என் வேலை. போலியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று யாராவது கேட்டால், காந்தம், லென்ஸ், தராசு என்று சொல்லி முடித்துவிடுவேன். ஆனால் அப்பட்டமான போலிகளால் எங்களுக்குப் பெரிய தலைவலி கிடையாது.

1939-இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட இரும்புச் சிலுவை என்கிற ஜெர்மன் ராணுவப் பதக்கம் மூன்று துண்டுகளால் ஆனது. நடுவில் கறுப்புப் பூச்சுடன் இரும்புத் தகடு. அதை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கும் இரண்டு சட்டங்கள். சட்டங்கள் சேரும் ஓரத்தைப் பற்றவைத்து அரம் போட்டிருப்பார்கள். லென்ஸை வைத்து ஓரத்தைச் சுற்றி வந்தால் எங்காவது அந்த இணைப்பு மயிரிழையாகத் தெரியும். மலிவான போலியை ஒரே வார்ப்பாக ஊற்றிவிடுவார்கள். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடுக்கு இருக்காது. தகட்டில் உள்ள 1939 என்ற எண்களின் முனைகள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். இதற்கு ஒரு நிமிடம் போதும்.

காந்தம் ஒட்டினால் அசல் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போலி செய்கிறவனுக்கும் இரும்பு கிடைக்கும் என்பதை ஏனோ யோசிப்பதில்லை. காந்தத்தில் ஒட்டாத பித்தளைத் தகட்டோடு போர்க்காலத்திலேயே செய்யப்பட்ட சிலுவைகளும் உண்டு. புற ஊதா விளக்கின் கதையும் இதுதான். போருக்குப் பிந்தைய நூலில் கலந்த வெளுப்புப் பொருள் அந்த ஒளியில் நீலமாக மின்னும், பழைய ரிப்பன் மின்னாது என்பது பொது விதி. வீட்டில் யாராவது அந்த ரிப்பனை இன்றைய சலவைத்தூளில் ஒருமுறை அலசியிருந்தால் விதி அதோடு போச்சு.

ரிப்பன் கோக்கும் வளையத்தில் குத்திய தயாரிப்பாளர் எண்தான் கொஞ்சம் கைகொடுக்கும். எண்ணைப் போலியிலும் குத்தலாம்தான். ஆனால் ஒவ்வொரு பட்டறையின் அச்சுக்கும் ஒரு முகவெட்டு உண்டு: 9-இன் வால் வளையும் விதம், சட்டத்தின் மணிவரிசை மூலையில் முடியும் இடம். எண் ஒரு பட்டறையைச் சொல்லி, முகவெட்டு வேறொன்றைச் சொன்னால் அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

சரி, எண்ணும் முகவெட்டும் ஒத்துப்போகின்றன, அச்சும் அசல் அச்சேதான் என்றால்? எங்கள் வேலை சிக்கலாவது அங்கேதான். 1945-இல் போர் முடிந்தது. அச்சுகள் எல்லாம் அழிந்துவிடவில்லை. நினைவுப்பொருள் தேடிய அமெரிக்கச் சிப்பாய்களுக்காக மிச்சமிருந்த உதிரிகளைக் கோத்து விற்றார்கள். பின்னால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்காகப் பழைய அச்சிலேயே புதிதாக அடித்தவர்களும் உண்டு. அதே அச்சு, அதே மாதிரி இரும்பு, சில சமயம் அதே தொழிலாளியின் கை. இதைப் போலி என்பதா? என்னைப் பொறுத்தவரை அப்படித்தான் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் காசு கொடுப்பது போர்க்காலத்துக்கு. இங்கே துப்புக் கொடுப்பது அச்சில் விழுந்த விரிசல். அச்சு தேயத் தேய விரிசல் வளரும், அது அடித்த ஒவ்வொரு சிலுவையிலும் மேடாகப் பதியும். சின்ன விரிசல் முந்தியது, பெரிய விரிசல் பிந்தியது என்று வரிசைப்படுத்தி, போர் முடியும் முன்பே வந்ததென உறுதியான ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் காலத்தைச் சொல்ல முடிகிறது. இரும்புச் சிலுவையின் உயர்ந்த படியான, சுமார் 7,300 பேருக்கே வழங்கப்பட்ட ரிட்டர்கிராய்ஸ் வந்தால் இந்த ஆராய்ச்சி வாரக்கணக்கில் இழுக்கும். அதன் விலை அப்படி.

மேற்கு ஜெர்மனியில் 1957 ஜூலையில் வந்த சட்டம் பழைய விருதுகளை ஸ்வஸ்திகா இல்லாமல் அணிய அனுமதித்தது. ஸ்வஸ்திகா இருந்த இடத்தில் ஓக் இலைகள். லூடன்ஷைட் நகரத்துப் பட்டறைகள் மறுபடி வேலையில் இறங்கின. இந்த வகையை அடையாளம் காண்பது எளிது, வீட்டுக்காரர்களிடம் விளக்குவதுதான் கஷ்டம். 'அப்பா ரஷ்யாவில் வாங்கியது' என்று மகள் கொண்டுவருவார். பெட்டியைத் திறந்தால் ஓக் இலை. அப்பா பொய் சொல்லவில்லை. சிறைப்பட்டபோது பிடித்தவர்கள் பதக்கத்தைப் பறித்திருப்பார்கள், இல்லை பின்வாங்கும் வழியில் அவரே வீசியிருப்பார். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துக் கடையில் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். விருது உண்மை, உலோகம் மட்டும் பிந்தியது. பறித்துப்போன சிப்பாயின் அமெரிக்க வீட்டுப் பரணிலிருந்து அசல் வெளிவந்து, எங்களிடமே ஏலத்துக்கு வருவதும் நடக்கிறது.

ஸ்வஸ்திகா உள்ளவற்றின் படத்தைப் பட்டியலில் போடும்போது அந்த இடத்தை மறைத்துவிடுகிறோம். நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கும் ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு அப்படி. வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் வரலாற்று ஆர்வலர்கள்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

ஓக் இலைச் சிலுவையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது காகிதங்களைத்தான். விருதுச் சான்றிதழ், அப்புறம் சோல்ட்புக் என்கிற படைவீரர் கையேடு. அதில் விருது பதிவாகியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகப் போடச் சொல்வேன். ஏலம் கேட்கிறவர்கள் காகிதத்துக்குத்தான் விலை வைப்பார்கள், சிலுவை கூடவே போய்விடும். சிலர் இதைக் கேட்டதும் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் தடுப்பதில்லை.