மைலோ டின்னில் மிஞ்சிய மாத்திரைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் பழைய மைலோ டின் ஒன்று இருந்தது. காய்ச்சல் விட்டதும் மிஞ்சும் மாத்திரைகளை அம்மா அதில்தான் போட்டு வைப்பார். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த காலத்தில், டிரெசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) கொடுத்த மருந்தை வீணாக்காமல் அடுத்தவருக்கு எடுத்து வைத்த பழக்கம் அது. சென்ற மழைக்காலத்தில் சிறுநீர் எரிச்சலுக்கு அந்த டின்னிலிருந்த ஆன்டிபயாட்டிக்கை இரண்டு நாள் விழுங்கியவர், மூன்றாம் நாள் இரவு கட்டிலே ஆடும்படி குளிர் நடுக்கம் எடுத்துப் படுத்துவிட்டார். அவருக்கு நெடுநாளாக இனிப்பு நீர் (நீரிழிவு) வேறு.

ஆஸ்பத்திரியில், "இதற்கு முன் என்ன மருந்து சாப்பிட்டீர்கள், அம்மா?" என்று டாக்டர் கேட்டார். "ஒன்றுமில்லை ஐயா" என்றார் அம்மா. டின்னைப் பற்றி நான்தான் சொன்னேன். மிஸ்ஸி (தாதி), கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்காக இரத்தம் எடுக்கும் போத்தல்களின் ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, அது காயும்வரை காத்திருந்து, இரண்டு கைகளிலிருந்தும் தனித்தனியாக ஊசி போட்டு எடுத்தார். ஒரு போத்தல் காற்றில் வளரும் கிருமிக்கு, மற்றது காற்றில்லாமல் வளரும் கிருமிக்கு. பெரியவர்களுக்கு ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 மில்லிலிட்டர் இரத்தம் சேர வேண்டும். ஆன்டிபயாட்டிக் உடம்பில் ஏறிய பிறகு எடுத்தால் கிருமி போத்தலில் வளராமல் போய்விடக்கூடும் என்பதால்தான் முதலில் அந்தக் கேள்வி. அம்மாவின் இரத்தத்தில் அது வளர்ந்தது. விழுங்கிய மாத்திரையால் அதை அழிக்க முடியவில்லை என்பதே அதன் பொருள்.

இரத்தத்தில் கிருமி ஏறியவருக்கு அறிக்கை வரும்வரை காத்திருக்க முடியாது; ஆகவே செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் உடனே ஏற்றப்பட்டது. மூன்றாம் நாள் வந்த தாளில் ஈ.கோலை என்று, குடலில் வாழும் ஒரு கிருமியின் பெயர் இருந்தது. அதன் கீழே ஆம்பிசிலினுக்கும் செஃப்ட்ரியாக்சோனுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் எதிரே 'ஆர்', அதாவது எதிர்ப்பு. மெரோபெனம் என்ற மருந்துக்கு எதிரே மட்டும் 'எஸ்', அதாவது அதற்குக் கிருமி அடங்கும். இந்தக் கிருமி ஈஎஸ்பிஎல் என்னும் நொதியைச் சுரக்கிறது. பென்சிலினுக்கும் செஃப்ட்ரியாக்சோனுக்கும் உயிர்நாடியான பீட்டா-லாக்டம் வளையம் என்னும் மூலக்கூற்றுப் பகுதியை அது வெட்டிவிடுகிறது. அதைச் செய்யும் மரபணுவும் ஒரு கிருமியிலிருந்து அண்டைக் கிருமிக்குத் தாவக்கூடியது. அன்றே மெரோபெனமுக்கு மாற்றினார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாகத்தான் ஏற்ற முடியும் என்பதால் அம்மா வார்டிலேயே இருக்க நேர்ந்தது.

மாற்றியதற்குத் தக்க காரணம் உண்டு. செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத ஈ.கோலை, அதைப் போன்ற மற்றொரு குடல் கிருமியான கிளெப்சியெல்லா ஆகியவற்றின் இரத்தத் தொற்றில் மெரோபெனமையும் பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்னும் வேறொரு மருந்தையும் ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் மெரோபெனம் பெற்றவர்களில் 3.7 விழுக்காடு, மற்றவர்களில் 12.3 விழுக்காடு. ஆனால் மெரோபெனமும் பலிக்காத கிளெப்சியெல்லா உலகில் பரவி வருகிறது என்பதுதான் என்னை உறங்கவிடாத செய்தி. மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேரடிக் காரணமாக 2019இல் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். போதாத அளவில் பென்சிலின் எடுத்தால் கிருமி எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும் என்று பென்சிலினைக் கண்டறிந்த ஃப்ளெமிங் 1945இல், தம் நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார்.

டின் மாத்திரைதான் காரணம் என்று டாக்டர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இத்தகைய கிருமி உணவாலும் கைகளாலும்கூட வயிற்றுக்குள் புகும். ஆனாலும் சளிக்கெல்லாம் ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக்கைக் கேட்டு வாங்கியதும், அதைப் பாதியில் நிறுத்தி டின்னில் சேர்த்ததும் நாங்கள்தானே என்ற வேதனை எனக்குத் தீரவில்லை. சளி வைரஸால் வருவது. அந்த மாத்திரையால் அதற்குப் பயனே கிடையாது.

அம்மா வீடு திரும்பிய அன்றே டின்னிலிருந்தவற்றை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைத்தேன். அறிக்கையின் நகலை அவருடைய இனிப்பு நீர்ப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். இந்தக் கிருமி குடலில் மாதக்கணக்கில் தங்கக்கூடும் என்பதால், அடுத்த முறை காய்ச்சல் வந்தால் எந்த டாக்டராக இருந்தாலும் முதலில் அந்தத் தாளைத்தான் காட்ட வேண்டும் என்று அம்மாவிடமும் தம்பியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.