துருப்பிடித்த அம்பாசடர்: ஐந்து வார வேலை

எங்கள் தெருமுனை டிங்கர் பட்டறைக்குப் பின்னால், புளியமரத்தடியில் ஒரு வெள்ளை அம்பாசடர் பல வருடங்களாக நிற்கிறது. நாலு டயரும் தட்டையாகி, இடது பக்கம் மண்ணில் கொஞ்சம் இறங்கியிருக்கும். 2014 மே மாதத்தோடு மேற்கு வங்கத்து உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தியே நின்றுபோனது. அந்த வண்டியைக் காயலான் கடைக்காரர் வந்து உடைத்து எடுத்துப் போவதற்குள் அப்படியே சின்ன அளவில் செய்து வைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

பொம்மைக் கடையில், பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசடர் ஒன்று வாங்கினேன். நீளம் 12 செ.மீ. நிஜ வண்டி சுமார் 4.3 மீட்டர். ஆக, ஏறக்குறைய 1:36 அளவு.

இதற்கு முன் இரண்டு பொம்மைக் கார்களைத் துருப்பிடித்தது போல் பெயின்ட் செய்திருக்கிறேன். ஸ்பாஞ்சைப் பழுப்பு பெயின்ட்டில் தொட்டு உடம்பெல்லாம் ஒற்றியதில் சேறு தெறித்த வண்டிதான் கிடைத்தது. அதனால் இந்த முறை பிரஷைத் தொடாமல், நோட்டும் பென்சிலுமாக மரத்தடிக்குப் போனேன்.

முக்கால் மணி நேரம் பார்த்ததில் புரிந்தது ஒன்றுதான்: தண்ணீர் நின்ற இடத்தில்தான் துரு இருக்கிறது. முன் கண்ணாடிக்குக் கீழே, ரப்பர் ஓரத்தில் இலைச்சருகு அடைந்து ஈரம் காக்கும் இடம். கதவுகளின் அடி விளிம்பு. கதவுக்கு அடியில் ஏறும் படிக்குக் கீழே உள்ள தகரம். மட்கார்டின் உள்பக்கம் சக்கரம் வாரியடித்த மண் ஒட்டிக்கொண்ட வளைவு. வண்டி சாய்ந்து நிற்பதால் வலது பக்கத்தைவிட இடது பக்கம் இரண்டு மடங்கு மோசம். கதவின் நடுப்பகுதியில் துருவே கிடையாது, வெயிலில் வெளுத்த பெயின்ட் மட்டும்தான். பட்டறை அண்ணனிடம் கேட்டேன். "துரு உள்ள இருந்துதான் தம்பி வரும். வெளிய கொப்புளம் தெரியுதுன்னா உள்ள தகரம் போயாச்சுன்னு அர்த்தம்" என்றார். நோட்டில் நான் எழுதியதிலேயே உபயோகமான வரி அதுதான்.

முதல் வாரம் முழுக்க ஓட்டை போடுவதிலேயே போனது. பொம்மையின் சுவர் கிட்டத்தட்ட 2 மி.மீ. கனம். 36 மடங்கு பெருக்கினால் 7 செ.மீ. கனமுள்ள தகரம்! அதில் நேராகத் துளை போட்டால் சுண்ணாம்புச் சுவரில் விழுந்த ஓட்டை மாதிரி இருக்கும். திருகுகளைக் கழற்றி, மோட்டாரை எடுத்துவிட்டு, படியின் உள்பக்கத்தை மினி டிரில்லால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். டார்ச் வெளிச்சம் மறுபுறம் தெரிகிற அளவுக்கு மெலிந்ததும், வெளியிலிருந்து குண்டூசியால் குத்தி விளிம்பைப் பிய்த்தேன். விளிம்பு காகிதம் போலக் கிழிந்து வந்தது. டிரில் வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகும், நிறுத்தி நிறுத்தித்தான் தேய்க்க வேண்டும்.

அப்புறம் உடம்பு முழுக்க 600 நம்பர் உப்புத்தாள், பிரைமர். துரு நிறத்தை ஒரே டப்பாவிலிருந்து எடுக்கவில்லை. பழைய துரு கருமை கலந்த பழுப்பு, புதுத் துரு ஆரஞ்சு. அடியில் இருட்டு, மேலே திட்டுத் திட்டாக வெளிச்சம். அதன்மேல் வார்னிஷ். அது காய்ந்த பின் இரண்டு பூச்சு ஹேர் ஸ்பிரே, கடைசியில் வெள்ளை அக்ரிலிக். ஹேர் ஸ்பிரே தண்ணீரில் கரையும். வெள்ளையின் மேல் ஈரப் பிரஷால் தேய்த்தால் கீழே உள்ள படலம் இளகி, வெள்ளை சில்லு சில்லாகப் பெயரும்.

முதல் முயற்சி கெட்டுப்போனது. வெள்ளை அடித்துவிட்டு மறுநாள் காலையில்தான் தேய்த்தேன். ராத்திரி முழுக்க இறுகிவிட்ட பெயின்ட் அசையவில்லை. டூத் பிரஷால் அழுத்தியதில், வார்னிஷ் சரியாக விழாத கதவோரத்தில் துரு நிறமும் சேர்ந்து கழன்று பிளாஸ்டிக் பல்லிளித்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இந்த முறை அரை மணி நேரத்துக்குள் தேய்த்ததும் நினைத்தபடி வந்தது. கதவின் அடியில் மட்டும் தேய்த்து நடுவைத் தொடாமல் விட்டேன். கை துறுதுறுக்கும், ஆனால் இங்கே நிறுத்தத் தெரிந்தால்தான் வண்டி வண்டியாக இருக்கும்.

கூரைக்கு உப்பு. துரு நிறத்தை ஈரப்படுத்தி, பொடித்த கல் உப்பைத் தூவிக் காயவைத்து, மேலே வெள்ளை அடித்து, பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்தேன். இலைக் குவியல் கிடந்து அரித்த திட்டுகள் அச்சு அசலாக வந்தன. உப்பை நன்றாகக் கழுவிவிடுவது முக்கியம். ஒரு துணுக்கு தங்கினாலும் ஈரக்காற்றை இழுத்து, வார்னிஷுக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கும்.

துரு வழிந்த கோடுகளுக்கு ஆயில் பெயின்ட்தான் எனக்குப் பிடித்தது. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறத்தில் ஒரு பொட்டு வைத்து, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த பிரஷால் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். நான் இழுத்தது நேர் கீழாக அல்ல, இடது பக்கச் சாய்வுக்கு ஏற்ற கோணத்தில். அந்த ஒரு மாற்றத்தில் வண்டி நிஜமாகவே மண்ணில் இறங்கி நிற்பது போல் தெரிய ஆரம்பித்தது.

பம்பர் தனி விஷயம். குரோம் துருப்பிடிக்காது. அதிலுள்ள ஊசித்துளை வழியே ஈரம் இறங்கி, அடியில் உள்ள எஃகுதான் துருப்பிடித்து மேலே கசியும். அதனால் திட்டு வைக்காமல், ஊசி முனையால் புள்ளி புள்ளியாக வைத்து, மங்கல் வார்னிஷால் பளபளப்பைக் குறைத்தேன்.

ஓட்டை விளிம்புகளுக்கு நிஜத் துருவையே வைத்தேன். லேத் பட்டறையிலிருந்து ஒரு பிடி இரும்புத் தூள், வினிகர், உப்பு. பிளாஸ்டிக் தட்டில் இரண்டு வாரம் மொட்டைமாடியில் வைத்து, உலர்ந்ததை இடித்து வேட்டித் துணியில் சலித்தேன். மூடிய பாட்டிலில் மட்டும் வைக்காதீர்கள். வினிகரும் இரும்பும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும். சலிக்கும்போது மாஸ்க் வேண்டும்.

சருகுக்குக் கணக்குப் போட்டேன். நிஜப் புளிய இலை ஒன்று சுமார் 12 மி.மீ. 36-ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். அதே மரத்துக் காய்ந்த இலையைக் கசக்கி, டீ வடிகட்டியில் சலித்தால் கிட்டத்தட்ட அந்த அளவு. கண்ணாடிக்குக் கீழேயும் இடது மட்கார்டு ஓரத்திலும் நீர் கலந்த பசையில் ஒட்டினேன்.

டயரின் அடிப்பாகத்தைத் தேய்த்துத் தட்டையாக்கி, ஒரு பலகையில் களிமண் பரப்பி, இடது பக்கம் 2 மி.மீ. இறங்க உட்கார வைத்தேன்.

நேற்று பட்டறைக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். அண்ணன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடது படி அப்படியே இருக்கு தம்பி. டிக்கியைத் தொறந்து பார்த்தியா?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. மரத்தடிக்குக் கூட்டிப்போய், டிக்கி மூடியைத் தூக்கி, ரப்பரைக் கொஞ்சம் உரித்துக் காட்டினார். அடியில் விளிம்பு முழுக்க ஏடு ஏடாகக் கழன்றிருந்தது. பொம்மையில் டிக்கி திறக்காது. அடுத்த ஞாயிறு மூடியை அறுத்தெடுத்து, அரை இஞ்ச் திறந்த நிலையில் வைத்து, அந்த விளிம்பைச் செய்யப் போகிறேன்.